வேதாளம் ஏன் முருங்கை மரம் ஏறுகிறது?

சென்ற கோடை விடுமுறைக்கு என் தங்கை பிள்ளை காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தான். காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறவன். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் சினிமா. அதுவும் எப்பேர்ப்பட்ட சினிமா! செத்துப் போனவர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து, தள்ளாடி நடந்து வந்து, உயிரோடு இருக்கிறவர்களைக் கடித்துத் தின்கிற சினிமா. ஒரு நாள் நடுநிசியில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், அவன் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கும் தூக்கம் போய்விட்டது.

"இந்தக் கண்றாவியில் என்னடா சுவாரஸ்யம்?" என்று கேட்டேன்.

"ஜாம்பி, மாமா! உலகம் பூரா இதுக்குப் பைத்தியமா இருக்கு. நம்ம ஊர்லேதான் இப்படியெல்லாம் கற்பனை பண்ண ஆள் இல்லே. 2016-லே 'மிருதன்' படம் வந்தப்புறந்தான் நம்மவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது."

எனக்குச் சுருக்கென்றது. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான்; அதிலும் காஞ்சிபுரத்துக்காரன். கற்பனைக்கு ஆள் இல்லை என்று என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு ஒருவன் சொன்னால் கோபம் வராதா? ஆனால் கோபம் வேறு, பதில் வேறு. பதில் சொல்லச் சில நாள் பிடித்தது. அவனுக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இந்த ஜாம்பி யார் என்று பார்ப்போம். அவன் பிறந்தது அமெரிக்க சினிமாக் கொட்டகையில் அல்ல. கரிபியன் கடலிலுள்ள ஹெய்தியில். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கரும்புத் தோட்டங்கள் போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அந்த அடிமைகள் 1791-இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-இல் சுதந்தர நாட்டையே அமைத்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்தைப் பற்றிய பயம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. மந்திரவாதி ஒருவன் புதைத்த பிணத்தை எழுப்பி வயலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான், அது பேச்சும் நினைவும் இல்லாமல் உழைத்துக்கொண்டே இருக்கும் என்று அந்த ஜனங்கள் கதை சொல்லிக்கொண்டார்கள். ஜாம்பி வந்து கடிப்பான் என்று அவர்கள் பயப்படவில்லை. தாங்களே ஜாம்பியாகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். செத்தாலாவது ஓய்வு கிடைக்கும் என்று நம்பியிருக்கிறவனிடம், செத்த பிறகும் வேலை உண்டு என்று சொன்னால் அதைவிட வேறு நரகம் வேண்டுமா?

இந்தக் கதைகளை வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். 1932-இல் சினிமா வந்தது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ என்ற டைரக்டர் எடுத்த படத்தில்தான் பிணங்கள் மனிதர்களைத் தின்ன ஆரம்பித்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் யாரும் 'ஜாம்பி' என்ற வார்த்தையையே சொல்வதில்லை. ஜனங்களாகப் பழைய பெயரைப் புதுப் பிணத்துக்குச் சூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அடிமையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வாயும் பல்லும் மட்டும் மிஞ்சின.

ஹெய்திக் கதையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜாம்பிக்கு உப்புப் போட்ட ஆகாரம் கொடுக்கக் கூடாது. நாக்கில் உப்புப் பட்டுவிட்டால் தான் செத்துப் போனவன் என்பது அதற்கு நினைவு வந்துவிடும். உடனே வேலையைப் போட்டுவிட்டுத் தன் குழியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். நம் நாட்டில் உப்பு மனிதனைக் கட்டிப் போடுகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் நாம். அங்கே அதே உப்பு கட்டை அவிழ்த்துவிடுகிறது! இந்த உப்பை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் காஞ்சிக்கு வருவோம்.

சுமார் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால், பல்லவர்களுடைய காஞ்சியில் தண்டி என்று ஒரு வடமொழி ஆசிரியர் இருந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பம் இந்த ஊரில் வந்து தங்கிவிட்டது. அவர் எழுதிய 'தசகுமார சரித'த்தில் மந்திரகுப்தன் என்பவன் சொல்லும் கதை ஒன்று வருகிறது. காதலி கடித்த உதடு புண்ணாக இருந்ததால், உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட வராமல் அந்தக் கதை முழுவதையும் அவன் சொல்லி முடிக்கிறான். பண்டிதர்கள் எல்லோரும் இந்தச் சாமர்த்தியத்தைத்தான் பிரமாதமாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிடக் கதைதான் முக்கியம்.

கலிங்க தேசத்தில் ஒரு சுடுகாடு. பக்கத்து வனத்தில் நடுநிசியில் ஒரு கிங்கரனும் அவன் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். கிங்கரன் என்றால் மந்திரவாதிக்குக் கட்டுப்பட்ட ஏவல் பூதம். 'நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவன் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். அந்தத் தம்பதி என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? "இந்தப் பாழாய்ப் போன சித்தன் நேரம் காலம் இல்லாமல் ஏவிக்கொண்டே இருக்கிறானே! நாம் ஒன்றாக இருக்கக்கூட ஒரு நாழிகை விடமாட்டேன் என்கிறானே!" என்று புலம்புகிறார்கள். பூதமும் பெண்டாட்டியும் முதலாளியைத் திட்டுகிறார்கள், ஐயா! சித்தனுடைய உத்தரவுப்படி கிங்கரன் அரண்மனைக்குப் போய் ராஜகுமாரியைத் தூக்கி வருகிறான். அவளைப் பலி கொடுக்கச் சித்தன் கத்தியை ஓங்குகிற சமயத்தில், மந்திரகுப்தன் பாய்ந்து கத்தியைப் பிடுங்கி அவன் தலையையே வெட்டிவிடுகிறான். எஜமானனைக் கொன்றவன்மேல் கிங்கரன் பாயவில்லை. காலில் விழாத குறையாக நன்றி சொல்கிறான். இந்தப் பாவி படுத்திய பாட்டில் என் கண்களுக்குத் தூக்கமே கிடையாது என்கிறான்.

ஹெய்தியின் கரும்புத் தோட்டத்துக் கதை இதுவேதான் அல்லவா? ஜாம்பிக்கு உப்புக் கிடைத்தது. கிங்கரனுக்கு ஓர் அயலான் கை கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"கிங்கரன் பூதம், மாமா, பிணம் இல்லையே. அதோட, தின்னவும் இல்லையே?" என்றான் மருமான். அவனுக்குத் தின்றால்தான் திருப்தி.

தின்கிற கூட்டமும் நம்மிடம் உண்டு. ஜயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியைத்தான் சொல்கிறேன். 1070-இல் பட்டத்துக்கு வந்த முதற் குலோத்துங்க சோழன், சுமார் 1110-ஐ ஒட்டிக் கலிங்கத்தின்மேல் படை அனுப்பினான். அந்தப் படைக்கு எந்த ஊரிலிருந்து உத்தரவு போயிற்று தெரியுமா? இந்தக் காஞ்சிபுரத்திலிருந்துதான். சக்கரவர்த்தி தில்லையையும் அதிகையையும் கடந்து காஞ்சிக்கு வருகிறான்; சித்திர மண்டபத்தில் கொலு வீற்றிருக்கிறான். சிற்றரசர்கள் கப்பம் கட்டி வணங்கி நிற்கிறார்கள். கலிங்க மன்னன் மட்டும் வரவில்லை. இரண்டு தடவை பாக்கி. "போய் வசூல் செய்து வா" என்று கருணாகரத் தொண்டைமானை அனுப்புகிறான். கப்ப பாக்கிக்காக நடந்த யுத்தம் அது. சித்திர மண்டபம் இன்றைக்கு இல்லை. பாலாறு இருக்கிறது, பெரும்பாலான நாட்களில் தண்ணீர் இல்லாமல் இருக்கிறது.

ஆனால் பரணியைப் படிக்கிறவர்களுக்குச் சக்கரவர்த்தியும் தொண்டைமானும் அவ்வளவாக மனத்தில் நிற்பதில்லை. நிற்கிறவை பேய்கள். வயிறு முதுகோடு ஒட்டிய பேய்கள். எலும்பும் நரம்புமாகக் காளியைச் சூழ்ந்து நின்று, "தாயே, பசி பொறுக்கவில்லை, எங்களை இப்படி வைத்திருக்கலாமா?" என்று முறையிடுகிற பேய்கள். அங்கே இமயமலையில் இந்திரசாலம் கற்று வந்த கிழப் பேய் ஒன்று தன் வித்தையைக் காட்டுகிறது. திடீரென்று யானைகள் சாய்ந்து கிடக்கின்றன, தலைகள் உருள்கின்றன, ரத்தம் ஆறாக ஓடுகிறது. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. அள்ளினால் கையில் ஒன்றும் இல்லை. கடித்தால் பல்லோடு பல் மோதுகிறது. எல்லாம் வெறும் மாயத் தோற்றம். "ஐயோ, இதை நிறுத்தச் சொல்!" என்று அவை காளியிடம் கெஞ்சுகின்றன.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வயிற்றில் பசி உள்ளவனுக்கு முன்னால் வெறும் தோற்றத்தைக் காட்டுகிற அந்தக் கிழப் பேய் யார்? கதை எழுதுகிறவன்தானே!

கடைசியில் நிஜ யுத்தமே நடந்து நிஜப் பிணங்கள் விழுகின்றன. பேய்கள் போர்க்களத்தையே சமையல்கட்டாக்கிக் கூழ் காய்ச்சுகின்றன. யானைக் கொம்பு உலக்கை. செத்தவர்களின் பல் அரிசி. குற்றிக்கொண்டே சோழனைப் புகழ்ந்து பாடுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய்க்கு, சமணப் பேய்க்கு, புத்தப் பேய்க்கு, குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, பிள்ளைத்தாய்ச்சிப் பேய்க்கு என்று தனித்தனியாகக் கவனிப்பு வேறு! சக்கரவர்த்தியைப் புகழத்தான் புலவர் பாடினார், சந்தேகமில்லை. ஆனாலும் யுத்தம் முடிந்து வயிறு நிறைந்தது யாருக்கு என்று அவரை அறியாமலோ அறிந்தோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரொமேரோவின் படத்துக்கு எண்ணூறு வருஷத்துக்கு மேல் மூத்தது இது.

ஆக, கட்டுப்பட்டவன் உழைப்பு ஒரு பக்கம். தீராத பசி இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்த இடம் வேதாளம்.

ஆவி புகுந்த பிணந்தான் வேதாளம்; மருமான் கேட்ட பிணம் இதோ வந்துவிட்டது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதைக் கடலில் இந்த இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. அங்கே வேதாளம் தொங்குவது சிம்சபா என்ற மரத்தில். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதை நம் ஜனங்கள் புழக்கடை முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டார்கள். பகலில் கீரை பறிக்கிற மரத்தில் ராத்திரி பிணம் தொங்கினால்தானே பயம் பக்கத்தில் வரும்? தமிழ் 'வேதாள கதை'யைப் பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். 1831-இல் அது அச்சாயிற்று. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' பத்திரிகை வேதாளத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று. தோளில் பிணமும் கையில் கத்தியுமாக ராஜா நடக்கும் படத்தை வரைந்த சங்கர் 2020-இல் தமது 97-ஆம் வயதில் காலமானார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறையாவது முருங்கை மரத்தை நிமிர்ந்து பார்க்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

எங்கள் தெரு என்றால் பிள்ளையார்பாளையம். காலையில் கண் விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். அப்பா தபாலாபீஸ் குமாஸ்தா. எதிர்வீடு நெசவு வீடு. 1988-ஆம் வருஷம் எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுவேன். தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு முதலியார் தாத்தா நெய்துகொண்டிருப்பார். அவருக்கு வலப் பக்கத்தில் அவருடைய பேரன். என் வயதுதான், என் சிநேகிதன்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையைப் பற்றி நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகிற காரியமல்ல. ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். சின்னப் பையனாக இருந்தால் கூலி மிச்சம். அந்த வேலையில் என் சிநேகிதன் இருந்தான். ஒவ்வொரு இழைக்கும் அவன் கை ஒருமுறை போக வேண்டும், ஒருமுறை வர வேண்டும். கண் அசந்தால் கரை கோணிவிடும். கோணினால் கூலியில் பிடிப்பார்கள்.

தாத்தா விக்கிரமாதித்தன் கதை சொல்லிக்கொண்டே நெய்வார். மிதியை அழுத்தும்போது ஒரு வார்த்தை, அச்சை இழுக்கும்போது ஒரு வார்த்தை. ராஜா மௌனமாகப் பிணத்தைச் சுமப்பான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். எனக்கு மயிர்க் கூச்செறியும். இவ்வளவு நல்ல தாத்தா எனக்காகத் தினந்தோறும் கதை சொல்கிறாரே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்காக அல்ல என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. பேரன் தூங்கிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அவர் கதை சொன்னார். விடிகாலையில் உட்கார்ந்த பையன். சாயங்காலம் கண் சொருகும். வேதாளம் வந்தால் தூக்கம் போய்விடும்.

ஒரு நாள் அந்தப் பையன் ஒரு கேள்வி கேட்டான். நாடாவைப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"தாத்தா, பொணம் ஓடி ஓடிப் போயிடுதே. ராஜா விட்டுட்டு வீட்டுக்குப் போகலாமில்லே? யார்கிட்டேயாவது அட்வான்ஸ் வாங்கியிருக்கானா?"

தாத்தாவின் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. தறி நின்று நான் பார்த்தது அபூர்வம்.

"வாங்கித்தான் இருக்காண்டா, கண்ணு," என்றார். "யோகி ஒருத்தன் தினமும் பழம் கொண்டாந்து குடுத்தான். ராஜாவும் வாங்கி வாங்கி வெச்சான். ஒரு நாள் கொரங்கு கடிச்சப்போதான் தெரிஞ்சுது, பழத்துக்குள்ளே ரத்தினம்னு. எல்லாம் வாங்கினப்புறம் என்ன பண்ணுவான்? 'சுடுகாட்டுக்குப் போய்ப் பொணத்தைத் தூக்கியா'ன்னான் யோகி. போய்த்தானே ஆகணும்?"

பிறகு தறி ஓடிற்று.

அந்த வீட்டிலும் ரத்தினம் வாங்கியிருந்தார்கள். மகள் கல்யாணத்துக்குத் தாத்தா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். கூலியில் கொஞ்சம் கழித்துக்கொள்வார். கழிந்தது போதாதென்று ஆடிக்கும் தீபாவளிக்கும் மேலே வாங்க வேண்டியிருக்கும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஆனால் இரண்டும் டில்லியிலிருந்து கிளம்பி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. தாத்தா செத்துப் போனபோது பாக்கி சாகவில்லை. கணக்கு நோட்டில் அதே பக்கத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு மகன் பெயரை எழுதினார்கள். காடேறிய மனிதருடைய கடன் எழுந்து நடந்து, தறியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெய்திக்காரன் சொன்னது போலத்தான்.

இந்த மாதிரிக் கதைகள் ஏன் சாவதில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிணத்தைக் கண்டு நாம் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுகிறோம். முடிந்தது என்று நினைத்த ஒன்று முடியாமல் இருப்பதுதான் பயம். தீராத வேலை, தீராத பசி, தீராத பாக்கி. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் இவற்றில் ஒன்றாவது இல்லாத வீடு குறைவு. அதை நேராகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். பிணத்தின்மேல் ஏற்றிச் சொன்னால் ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கேட்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் என் தலை வெடித்தாலும் வெடிக்கும்.

தாத்தா அந்தக் கதையை ஒருநாளும் முடித்ததில்லை. முடித்தால் பையன் தூங்கிவிடுவானே! 'அம்புலிமாமா'வும் முடிக்கவில்லை, இருபத்தைந்து கதையோடு நிற்காமல் வருஷக் கணக்காக வேதாளத்தை மரத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் எனக்கு முடிவு தெரியும். அப்பாவின் பெட்டியில் கிடந்த விக்கிரமாதித்தன் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நான் அந்த வயதிலேயே படித்திருந்தேன். என் சிநேகிதனுக்குப் படிக்கத் தெரியாது. "கடைசியிலே என்னடா ஆவுது? ராஜாவை விட்டுடறாங்களா?" என்று அவன் என்னைத் திண்ணையில் பல தடவை கேட்டிருக்கிறான். "தெரியாது" என்று சொல்லிவிட்டேன். முடிவைச் சொல்லிவிட்டால் அவனுக்குக் கதையில் ருசி போய்விடும், தாத்தாவும் நிறுத்திவிடுவார், நாளைக்கு எனக்குக் கதை கிடைக்காது என்ற பயம். ஒன்பது வயதிலேயே நான் எழுத்தாளனாகிவிட்டேன் பாருங்கள்!

இந்த வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவை பார்க்க மருமானை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள். அவன்தான். காது ஓரம் நரைத்திருந்தது. தறியை விட்டுப் பல வருஷம் ஆயிற்றாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் மாறி வாரம் ராத்திரி முறை. பெண் நர்ஸுக்குப் படிக்கிறாளாம். டீ குடித்தோம். நானாகவே ஆரம்பித்தேன்.

"டேய், அந்த வேதாளம் கதையின் முடிவு எனக்கு அப்பவே தெரியும். உனக்குச் சொல்லவில்லை."

அவன் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்தான். சொன்னேன். கடைசித் தடவை வேதாளம் கேட்ட கேள்விக்கு ராஜாவுக்கு விடை தெரியவில்லை, பேசாமலே நடந்தான். வேதாளத்துக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. 'உன்னைப் பலி கொடுக்கத்தான் யோகி காத்திருக்கிறான். குனிந்து கும்பிடச் சொல்வான். எனக்குத் தெரியாது, நீ செய்து காட்டு என்று சொல்' என்று யோசனை சொல்லிற்று. யோகி குனிந்து காட்டினான். ராஜா கத்தியை எடுத்துவிட்டான்.

"அப்ப வேதாளம்?"

"அதற்கும் விடுதலை."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்த ரத்தினம்? அட்வான்ஸ்? திருப்பிக் குடுத்தானா?"

"கதையில் அப்படி எங்கும் வரவில்லை."

அவன் சிரித்தான். டம்ளர் கையில் குலுங்கி டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தான். "தாத்தா முடிவைச் சொல்லாம போனதும் நல்லதுக்குத்தான்," என்றான். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே தறியை விட்டு எழுந்திருப்பேன்."

அவன் போன பிறகு மருமான் வெகு நேரம் பேசவே இல்லை. திரும்பி வரும்போது, "மாமா, அதுதான் உப்பு, இல்லே?" என்றான்.

ஆமாம் என்றேன். கதையின் முடிவு என்பது உப்பு மாதிரிதான். நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தொடரும் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.